கட்டிங் மேசையில் ஒரு வகுப்பு

கான்வென்ட் பள்ளிக்கூடத்துத் தலைமை மதர் கடல் கடந்து வந்தவர். தமிழைப் புத்தகத்திலிருந்து கற்றவர். அதனால் அவர் எதைச் சொன்னாலும் பிரசங்கம் கேட்பது போலத்தான் இருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்த என்னிடம் அவர் சொன்னது இது:

"உங்கள் மகள் குணமாகும்வரை வீட்டில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு பள்ளி திறக்குமுன் அவளுக்கு ஒரு சோதனை வைப்போம். தேறினால் தன் தோழிகளோடு ஐந்தாம் வகுப்பில் அமரலாம். தேறாவிட்டால் நான்காம் வகுப்பை மறுபடி படிக்க வேண்டும். அதில் வெட்கம் ஏதும் இல்லை."

வெட்கம் இல்லை என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. வெட்கம் உண்டு என்று எனக்குத் தெரியும். நான் ஐந்தாவது படித்தபோது என் அப்பா படுக்கையில் விழுந்தார். அவருக்குத் துணையாக ஒரு வருஷம் போல வீட்டில் இருந்தேன். திரும்பிப் போனபோது என்னைச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்தார்கள். என் முழங்கால் பெஞ்சுக்கு அடியில் நுழையவில்லை. வகுப்பே என்னை "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுச் சிரித்தது. வாத்தியாரும் ஒருநாள் அப்படிக் கூப்பிட்டார். மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்த தையற்கடையில், கீழே சிந்திக் கிடந்த பொத்தான்களைப் பொறுக்கிக் கொடுக்க உட்கார்ந்தேன். அங்கேயே இருந்துவிட்டேன். யாரும் வந்து தேடவில்லை. என் படிப்பு முடிந்த கதை இவ்வளவுதான்.

ஆகவே மதருடைய அறையில் என் காதில் விழுந்தது வேறு. தேறாவிட்டால் இவளும் நின்றுவிடுவாள். அதுதான் விழுந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாலாவதே திருப்பிப் படிச்சா இன்னாங்க? குடியா முழுகிடும்?"

"முழுகிடும்."

"ஆமா, உங்களுக்குத் தினம் ஒருதரம் முழுகுது. நேத்து இஸ்திரிப் பெட்டில நெருப்பு ஜாஸ்தின்னு முழுகிச்சி. புள்ள பொழைச்சி எழுந்ததே ஆண்டவர் புண்ணியம். போய் மூஞ்சியக் கழுவிக்கினு வாங்க."

அவள் சொன்னதும் சரிதான். மழைக்காலத்தில் மகளுக்கு வாதக் காய்ச்சல் வந்தது. அது தொடங்கின அன்றைக்கு வீட்டுக்குப் பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். நான் முன்னறையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். பாட்டு நின்றது. பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு ஒரு சட்டையை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் விழுந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. அவளால் என்னைக் கூப்பிட முடியவில்லை. மூட்டெல்லாம் வீங்கி, காய்ச்சல் அடித்து, பிறகு டாக்டர் மார்பில் குழலை வைத்துக் கேட்டு, "இருதயத்தையும் கொஞ்சம் தொட்டிருக்கு. படி ஏறக் கூடாது, ஓடக் கூடாது. ஒரு வருஷம் போகட்டும்" என்றார். அந்தப் பள்ளிக்கூடத்தில் நாலாவதிலிருந்து எல்லா வகுப்பும் மாடியில்.

பள்ளிக்கூடம் அவளுக்கு இல்லை என்றால் பள்ளிக்கூடத்தை வீட்டில் வைப்பது என்று முடிவு செய்தேன். வைக்க இடம் எங்கே என்பதைப் பிறகுதான் யோசித்தேன். பட்டாளம் இருக்கும் கன்டோன்மென்டை ஒட்டிய பிளாக்பள்ளியில், மாதா கோயிலுக்குப் பின்சந்தில் எங்கள் வீடு. இரண்டே அறை. உள்ளறையில் அடுப்பும் படுக்கையும். முன்னறை என் கடை. ஜன்னலோரம் மெஷின், நடுவில் கட்டிங் மேசை, மூலையில் ஒரு கோணி விரிப்பு. அந்த விரிப்பில் காஜா போடுகிற பாய் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் துளை கட்டுவார். யுத்த காலம். ராணுவச் சட்டைகளுக்கான காக்கித் துணி மூட்டை மூட்டையாக வரும். காலை நீட்ட இடம் கிடையாது.

மேசையில் பாதியை மகளுக்குக் கொடுத்தேன். அந்தப் பாதியில் இருந்த காக்கியை எல்லாம் உத்தரத்தில் கயிறு கட்டித் தொட்டில் போல ஏற்றினேன். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன கை வைத்த பிரம்பு நாற்காலி ஒன்று இருந்தது. அதைப் போட்டு, அவள் கால் தொங்காமல் இருக்க எதிரே ஸ்டூல் வைத்து, மேலே கம்பளியை மடித்துப் போட்டேன்.

நாற்காலியை எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். முதலில் தெருவைப் பார்க்க வைத்தேன், வெளிச்சத்துக்காக. காற்று நேரே மார்பில் அடிக்குமே என்று பயம் வந்தது. மெஷின் பக்கம் திருப்பினேன். துணித் தூசி மூச்சில் போகும். மேசையின் மறுமுனைக்குக் கொண்டுபோனேன். அங்கே இஸ்திரிப் பெட்டியின் கரிப் புகை. மறுபடி தெருப்பக்கம்.

"பூனை குட்டிய வாயில கவ்விக்கினு எடம் எடமா தூக்கினு போவுமே, அந்த மாதிரி இருக்கு," என்றாள் மனைவி.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊர்வலம் போய்க்கொண்டிருந்த மகள், "அப்பா, எங்கயாவது ஒரு எடத்துல எறக்குப்பா, தலைய சுத்துது," என்றாள். தலை சுற்றுகிறது என்று கேட்டதும் எனக்கு உயிர் போய்விட்டது. அவள் சிரித்த பிறகுதான் திரும்ப வந்தது. கடைசியில் ஜன்னலுக்குப் பக்கவாட்டில், உள்ளறைக் கதவுக்கு முதுகு காட்டி வைத்தேன்.

அடுத்தது கரும்பலகை. விலைக்கு வாங்க வேண்டிவரவில்லை. கோட்டுத் தைத்து மிஞ்சிய கறுப்பு சர்ஜ் துணி இருந்தது. அதை ஒரு பலகையில் இழுத்துப் பிடித்து ஓரமெல்லாம் ஆணி அடித்தேன். துணியில் அளவு போடுகிற சாக்குக்கட்டியால் எழுதினால் பளிச்சென்று விழுந்தது. கோட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விட்டது. காஜா பாய் ஊசியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், இந்தத் துணில கோட்டுத் தச்சா கவர்னரே போட்டுக்கினு போவாரு. நீ இதுல ஏபிசிடி எழுதுறே."

"புள்ளைக்கு பாய்."

"புள்ளைக்குன்னா சரி. எழுது, எழுது. எனக்கும் ரெண்டு எழுத்து வரட்டும்."

இடம் ஆயிற்று. பாடத்துக்கு அதே சந்தில் இருந்த அவள் வகுப்புத் தோழி கிடைத்தாள். சனிக்கிழமை தோறும் தன் நோட்டுகளைக் கொண்டுவந்து அந்த வாரம் நடந்ததைச் சொல்லிவிட்டுப் போவாள். என்னை மாமா என்று கூப்பிடும் வாயாடிப் பெண். கணக்கு எனக்கே கொஞ்சம் வரும். அங்குலம், அரை, கால், அரைக்கால் என்று நாள் முழுக்கப் பிழைக்கிறவன் நான். இங்கிலீஷ் ரீடர்தான் என்னை மிரட்டியது. எனக்குத் தெரிந்தது பட்டாளத்து இங்கிலீஷ். "டூ டைட் சார்?", "ட்ரயல் டுமாரோ சார்". இதை வைத்துக்கொண்டு நாலாவது ரீடரை என்ன செய்வது?

அவள் படிக்கிறாளா, சரியாகப் படிக்கிறாளா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு வழி இருந்தது. என் அம்மா அடுப்படியிலிருந்து என்னிடம் சொன்னது. எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் சாயங்காலம் கேட்பது.

"சத்தமா படி."

சத்தம் வந்தால் பிள்ளை படிக்கிறது. தடுக்கினால் பாடம் தெரியவில்லை. நிற்காமல் ஓடினால் தெரிகிறது. எங்களுக்குப் படிப்பு என்றால் அதுதான். கோயிலில் செபப் புத்தகத்தைக் கூட யாரும் வாய்க்குள் படிக்க மாட்டார்கள். என் மனைவி எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒரே புத்தகமும் அதுதான், அதையும் தெருவுக்குக் கேட்கப் படிப்பாள்.

மெஷின் ஓடும். அதற்கு மேலே மகள் குரல் ஓடும். மெஷின் வேகம் கூடினால் அவளும் குரலைக் கூட்டுவாள். நான் தையலில் கண் வைத்துக்கொண்டு காதை அவளிடம் வைத்திருப்பேன். எங்கேயாவது குரல் நின்றால் என் கால் தானாக மிதியை விட்டுவிடும்.

"ஏன் நிறுத்திட்ட?"

"தண்ணி குடிச்சேம்பா."

"குடிச்சிட்டியா? படி."

குரல் திரும்ப எழுந்தால்தான் எனக்கு மூச்சு வரும். பாடத்துக்காக மட்டும் இல்லை என்பது எனக்கே தெரியும். அந்தத் தொட்டி ஓரம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. சத்தம் வருகிறவரைக்கும் பிள்ளை நல்லபடியாக இருக்கிறது. மனைவிக்கும் அது வசதி. உள்ளே குழம்பு கிளறிக்கொண்டே, "கடைசி வார்த்தைய முழுங்கிட்ட பாரு," என்பாள். வார்த்தைக்கு அர்த்தம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. முழுங்கியது தெரியும்.

கிறிஸ்மஸுக்குள் அந்த ரீடர் சந்து முழுக்கப் பாடமாகிவிட்டது. காஜா பாய் நூல் கோக்கும்போது "ஒன்ஸ் அப்பான் எ டைம்" என்று முணுமுணுப்பார். சந்தில் போகிற காய்கறிக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா வெள்ளைக்காரி மாதிரி ஓதுது உங்க கொயந்தை," என்று நின்று கேட்டுவிட்டுப் போவாள். எனக்குப் பெருமை. மூட்டு வீக்கமும் வடிந்துகொண்டு வந்தது. இந்தப் போக்கில் போனால் ஐந்தாவதுதான் என்று, கவலைப்படவே பிறந்தவனான நானும் கொஞ்சம் கவலையை விட்டிருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை தோழி வந்தபோது மகள் வழக்கம்போலப் பலமாக வாசித்துக்கொண்டிருந்தாள். தோழி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஏய், எதுக்குடி கத்துற? வாய மூடிக்கினு படி."

"வாய மூடினா எப்படிப் படிக்கிறது?"

"கண்ணால. இப்ப கிளாஸ்ல அப்படித்தான். சிஸ்டர் ஒரு பேஜ் குடுப்பாங்க. யாரும் சத்தம் போடக் கூடாது. படிச்சிட்டு, கீழ கேள்வி இருக்கும், எழுதணும். ஒதடு அசைஞ்சாலே ஸ்கேலால மேசைய தட்டுவாங்க." பிறகு என்னைப் பார்த்து, "மாமா, பரீட்சையும் அப்படித்தான் இருக்கும். இவ இப்படிக் கத்தினா மதர் மயக்கம் போட்டு விழுந்துடுவாங்க," என்றாள்.

நான் மெஷினை நிறுத்தினேன். "எங்க, ஒண்ணு குடுத்துப் பாரு."

அவள் தன் நோட்டில் எழுதியிருந்த, மகள் இதுவரை பார்க்காத ஒரு பகுதியைக் கொடுத்தாள். மகள் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு படித்தாள். அறையில் சத்தமே இல்லை. பாய்கூட ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். முடித்துவிட்டேன் என்று தலையை ஆட்டினாள். தோழி கேள்வி கேட்டாள். அந்தக் குதிரை ஏன் ஆற்றைத் தாண்டவில்லை?

மகள் விழித்தாள். "எந்தக் குதிரை?"

தோழி சிரித்துவிட்டாள். மகள் திரும்பப் பார்த்தாள். அப்புறம் வாய்விட்டுப் படித்தாள், வேகமாக, அழகாக. "ஓ, தண்ணி ஆழம்," என்றாள்.

குரல் வந்தால் அவளுக்கு விளங்கியது. குரல் இல்லாவிட்டால் எழுத்து எழுத்தாகவே நின்றது. இத்தனை மாதமாக நான் கட்டிய பள்ளிக்கூடம் பரீட்சை அறைக்குள் நுழையவே முடியாத பள்ளிக்கூடம். தோழி போனதும் உள்ளே போய் மனைவியிடம், "போச்சி. எல்லாம் போச்சி. நாலாவதுதான். அப்புறம் அவ நின்னுடுவா," என்றேன்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னும் நாள் இருக்குது இல்ல? வாய மூடிக்கினு படின்னு சொல்லுங்க. படிப்பா."

"சொல்றேன்."

"சொல்லிட்டு நீங்க சும்னே வாய மூடிக்கினு இருக்கணும். அதான் முடியாது உங்களால."

முடியவில்லைதான். திங்கட்கிழமை தொடங்கினோம். மகள் வாயை மூடிக்கொண்டு படிக்க, நான் மெஷின் ஓட்ட ஆரம்பித்தேன். ஒரு முழத் தையல் போவதற்குள், "இருக்கியா?" என்றேன்.

"இருக்கேம்பா."

இன்னொரு முழம். "புரியுதா?"

"புரிஞ்சினு இருந்திச்சி. நீ கேட்டதுல போயிடுச்சி."

பிறகு கேட்காமல் இருந்தேன். ஆனால் மெஷினை நிறுத்திவிட்டு, துணி எடுக்கப் போகிறவன் போல எழுந்து, கழுத்தை நீட்டி அவள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"அப்பா, நான் உயிரோடதான் இருக்கேன். போய் தைப்பா."

பாய் குலுங்கிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்திருந்தேன். பாய் அதை விரித்துப் பிடித்து, "இந்த சிப்பாய்க்கு ரெண்டுமே லெஃப்ட்டா மாஸ்டர்? ரைட்டுன்னு சொன்னா எப்படித் திரும்புவான்?" என்றார். பிரித்துத் தைக்கச் சாயங்காலம் ஆயிற்று.

அடுத்த நாளும் அப்படியே போனது. எழுந்து பார்ப்பதும் அவள் பாடத்தை விட்டுவிடுவதும். மூன்றாம் நாள் மனைவி உள்ளேயிருந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மகள் பக்கத்தில் வைத்தாள். கையில் ஒரு பிடி பித்தளைப் பொத்தான்.

"ஒரு பேஜ் முடிஞ்சா ஒண்ணு போடு. டிங்குனு கேக்கும். உங்கப்பா உசுரு அதுல இருக்கட்டும்."

அது வேலை செய்தது. மெஷின் ஓடும். நடுவில் டிங். நான் தைப்பேன். ரொம்ப நேரம் டிங் வராவிட்டால் வியர்க்கும், ஆனாலும் எழ மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். டிங். கால் தானாக மிதியை அழுத்தும். ஒருநாள் டிங் டிங் டிங் என்று அடுத்தடுத்து விழுந்தது. "இன்னா பேட்டி, ரயில்ல போயினே படிக்கிறியா?" என்றார் பாய். அவர் பாஷையில் பேட்டி என்றால் மகள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கதை பிடிக்கவில்லையாம், பக்கம் தள்ளியிருக்கிறாள்.

ஈஸ்டர் முடிந்து கொஞ்ச நாளில் அவளே டின்னை மூடி என்னிடம் நீட்டினாள்.

"இது வேணாம்பா. பொத்தான் போடணும், பொத்தான் போடணும்னு ஞாபகம் வெச்சிக்கினே படிக்க வேண்டியிருக்கு. கதை மனசுல ஒக்கார மாட்டேங்குது."

"அப்ப எனக்கு?"

"உனக்கு ஒண்ணும் ஆவாதுப்பா."

நான் அவளுக்குச் சொல்ல வேண்டியதை அவள் எனக்குச் சொன்னாள் பாருங்கள். டின்னை வாங்கி மேலே வைத்தேன். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். அறையில் ஒரு பிள்ளை இருக்கிறது, சத்தம் இல்லை, நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. கழுத்துப் பட்டை, பை, விளிம்பு என்று கண்ணுக்கு வேலை அதிகம் உள்ளதாகப் பார்த்து எடுத்துத் தைத்தேன். சில நாள் தாங்காமல் கடைத்தெருப் பக்கம் நடந்துவிட்டு வருவேன். வந்து வாசலில் நின்று பார்த்தால் அவள் நகத்தைக் கடித்தபடி புத்தகத்துக்குள் இருப்பாள். நான் வந்ததே தெரியாது. அது எனக்குப் புதிதாக இருந்தது. சத்தமாகப் படித்த நாட்களில் அவள் என்னைப் பார்த்துப் பார்த்துத்தான் படிப்பாள்.

ஆனால் முழுசாகப் பழகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. சின்னப் பகுதி என்றால் சரி. நீளமாக, கடினமாக இருந்தால் கடைசியில் தடுமாறுவாள். தோழி ஒரு சனிக்கிழமை கொடுத்ததில் பாதிக் கேள்விக்குத்தான் பதில் வந்தது. "பாஸாயிடுவா மாமா," என்றாள் தோழி. ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். வாயாடி அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நான் அன்றிரவு பூராவும் புரண்டேன்.

பரீட்சை நாள் வந்தது. ஜட்கா வண்டி வைத்துக் கூட்டிப்போனேன். கீழ்த்தளத்தில், மதருடைய அறைக்குப் பக்கத்து அறையில் அவளை மட்டும் உட்காரவைத்தார்கள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் லீவு. பெருக்குகிற அம்மாள்கூட இல்லை. அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரு சத்தம் கிடையாது. வீட்டிலாவது மெஷின் இருந்தது, மிதித்துக்கொண்டிருக்கலாம். இங்கே காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

கணக்கு முதலில் என்று சொல்லியிருந்தார்கள். அது முடிந்து இங்கிலீஷ் தொடங்கியிருக்கும். கதவு திறந்தது. மதர் வந்தார். பின்னால் மகள், கையில் கேள்வித்தாள். பரீட்சை பாதியில் பிள்ளையை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். நான் எழுந்தேன். மதர் என்னைப் பார்த்து இரு என்பது போலக் கையைக் காட்டினார். மகள் என் பக்கம் வரவில்லை. வராந்தாவின் மறுகோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

அப்புறம் அவள் குரல் கேட்டது. அடங்கின குரல். வாய்விட்டுப் படிக்கிறாள்.

முடியவில்லை, திரும்பப் பழைய வழக்கத்துக்கே போய்விட்டாள், மதரும் கையைக் கழுவிவிட்டு வெளியே நிறுத்திவிட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் குரல் நின்றது. அவள் திரும்பி, என்னைத் தாண்டி, ஏதோ யோசனையில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நேரே உள்ளே போனாள். மதரும் போனார். கதவு சாத்திக்கொண்டது.

பிறகு எவ்வளவு நேரம் என்று தெரியாது. மதர் என்னை உள்ளே கூப்பிட்டார். மகள் மேசைக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டி நின்றுகொண்டிருந்தாள். மதர் தாள்களைப் புரட்டினார்.

"கணிதத்தில் ஒரு பிழை. வாசிப்பில் சில பதில்கள் குறுகியவை. ஆனால் சரியானவை." கண்ணாடியைக் கழற்றினார். "உங்கள் மகள் எழுதிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்றாள். 'மதர், கடைசிப் பகுதி எனக்கு விளங்கவில்லை. வெளியே சென்று ஒருமுறை மட்டும் வாய்விட்டு வாசித்து வரலாமா' என்று கேட்டாள். இப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யோசித்தேன். அறையில் வேறு பிள்ளைகள் இல்லை. யாருக்குத் தொந்தரவு? போய் வா என்றேன்."

"வகுப்புல... மத்த புள்ளைங்க இருக்கும்போது?" என்றேன். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வரவில்லை.

"வகுப்பில் அதற்கு இடமில்லை. மெல்ல மெல்லப் பழக வேண்டும். பழகுவாள். ஐந்தாம் வகுப்பில் பழகட்டும்." பிறகு மகளைப் பார்த்து, "மாடிப்படியில் ஓடக் கூடாது. நின்று நின்று ஏற வேண்டும். கேட்டதா?" என்றார்.

"எஸ், மதர்."

நான் ஏதோ சொன்னேன். நன்றி என்று சொன்னேனா, டாக்டர் சொன்னதைச் சொன்னேனா, நினைவில்லை.

ஜட்காவில் திரும்பும்போது அவளிடம் கேட்டேன். "உனக்கு பயமா இல்லையா? எழுந்து நின்னு அப்படிக் கேக்க?"

"இருந்திச்சி."

"மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"சொன்னா ஒக்காந்து தெரிஞ்ச வரைக்கும் எழுதியிருப்பேன்." வண்டியின் குலுக்கலில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "கேட்டா அடிக்கவா போறாங்க, அப்பா?"

சின்னப் பிள்ளைகளோடு என்னை உட்காரவைத்த அன்றைக்கு, வாத்தியாரிடம் போய், ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. இத்தனை வருஷத்தில் ஜட்காவில்தான் முதல் தடவையாகத் தோன்றியது. இவள் இதை என்னிடம் கற்றிருக்க முடியாது. என் மேசையில் இதற்குப் பாடம் நான் வைக்கவில்லை.

வாசலில் மனைவி இடுப்பில் கையை வைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பாய், ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு.

"இன்னாச்சி?"

நான் முதலில் இறங்கி, தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து, தானும் முகம் மாறி, "பரவால்ல வுடுங்க, நாலாவதுன்னா நாலாவது..." என்று ஆரம்பித்தாள்.

மகள் ஜட்காவிலிருந்து என் கையைப் பிடித்து மெதுவாக இறங்கினாள்.

"அஞ்சாவதும்மா. என் செட்டோடயே. பசிக்குது."